கையொப்பக் கட்டம்

களியக்காவிளை ராயப்பன் ஆயிரத்தைநூறு தருவான்,
பொழுதடைய, கையோடே.
வேலையில்லாத நாளில் போனை எடுக்கமாட்டான்.
செக்போஸ்ட் தாண்டினால் யூனியன்:
ஆயிரத்து நூறு, முறைப்புத்தகம்,
வாரம் மூணு நாள் உறுதி.

கண்ணுக்குள் மணல் அரைத்த ராத்திரி
ஸ்டெல்லாபாய் உருளைக்கிழங்கு சீவி வைத்தாள்.
சொட்டுமருந்துக் காசையும்
கூலியில் பிடித்தான் ராயப்பன்.

வெல்டிங் ஹெல்மெட்டுக்குள்
படிவம் நாலாய் மடிந்து கிடக்கிறது, ஓரம் கருகி.
எல்லாம் நிரப்பியாச்சு,
அறிமுகம் செய்யும் உறுப்பினர் கையொப்பம்,
அந்த ஒரு கட்டம் தவிர.

அங்கே எனக்குத் தெரிந்தவன் சசிதரன்தான்.
போன பங்குனியில், உதியன்குளங்கரை மண்டப வாசலில்
அவன் கொடியோடு உட்கார்ந்திருக்க,
பின்வழியே ஏறிக் கூரைச்சட்டம் பற்றவைத்தவன் நான்.
பொறி அவன் பக்கம் சிதறியது.
அண்ணாந்து பார்த்தான்.
கல் எறியவில்லை.
பேர் சொல்லியும் கூப்பிடவில்லை.

ஆறேகாலுக்குப் பாறசாலை பஸ்.
பேனா சட்டைப்பையில்தான் இருக்கிறது.