கிள்ளியாச்சு

ஹால்டிஸ் விட்டுப்போனது
ஒரு வரித்துறைக் கடித உறை.
பின்பக்கம் பென்சிலில்:
"மண்ணால் மூடாதே, இதற்கு வெளிச்சம் வேண்டும்.
முதல் மொட்டைக் கிள்ளிவிடு."
அவ்வளவுதான்.
பனி வாரும் வண்டியின் சாவியையும்
என் மேசைமேல் வைத்துவிட்டு
பெர்கனுக்குப் போய்விட்டாள்,
மழைக்கென்றே கட்டிய ஊருக்கு.

ரொட்டிமேல் தூவுகிற கசகசாவுக்கு
ஒன்றுவிட்ட தங்கை போலிருந்தன விதைகள்.
தும்மினால் தீர்ந்தது கதை.
மூச்சைப் பிடித்துக்கொண்டு தூவினேன்,
ஐஸ்க்ரீம் டப்பாவில், ஈர மண்மேல்,
சூரியன் இன்னும் தீவுக்கு வந்து சேராத ஜனவரியில்.
வெளிச்சம் வேண்டுமாம் இதற்கு!
எங்களுக்கும்தான்.

இங்வார்ட் சிரித்தான்:
"இரண்டு மாதமாய் நண்பகலே நீலம்.
பனி நீலம், கடல் நீலம், என் மூக்கு நுனி நீலம்.
இன்னும் எதற்கடி ஒரு நீலப் பூ?"

பதில் தெரிந்திருந்தால் விதைத்திருக்க மாட்டேன்.

டப்பாவைப் படிக்கட்டில் வைத்தேன்,
குளிர் தொட்டால்தான் விழிக்கும் விதை.
இரவெல்லாம் ஊர்ப் பனியை வாரி ஒதுக்குகிறவள்
அந்த ஒரு சாண் பனியை மட்டும்
யாரும் தொடக்கூடாதென்று
மண்வெட்டியைக் குறுக்கே நட்டுவைத்தேன்.
தபால்காரர் சுற்றிக்கொண்டு போனார்,
ஒன்றும் கேட்காமல்.

ஏப்ரல் கடைசியில் பச்சைப் புள்ளிகள்.
முப்பத்தொன்று. இரண்டு முறை எண்ணினேன்.
மேலிருந்து ஊற்றாமல்
தட்டில் தண்ணீர் விட்டு, கீழிருந்து குடிக்கவைத்தேன்.
அப்படியும் ஒரு காலையில்
நூல் கழுத்துகள் பாதி, ஒரே பக்கமாய்ச் சாய்ந்து கிடந்தன,
யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல.
பிறகு நத்தைகள்.
பிறகு, ஒத்துக்கொள்கிறேன், நான்:
மே பதினேழு ஊர்வலத்தில் கொடி பிடித்து நடந்து
மறுநாளும் தலைவலியோடு படுத்திருந்ததில்
தண்ணீரை மறந்தேன்.

ஒன்று மிஞ்சியது.

இலை முழுக்கப் பொன்னிற மயிர்,
ஒவ்வொரு மயிரிலும் ஒரு துளி.
அக்டோபரில் அது அழுகி மண்ணோடு போனது.
நம்பவில்லை, நம்பாமலும் இல்லை,
டப்பாவிலிருந்து மாற்றிய இடத்தில்
ஒரு குச்சியை மட்டும் விட்டுவைத்தேன்.

அடுத்த ஜூனில்
குச்சியை ஒட்டி ஒரு தண்டு. தண்டில் ஒரு மொட்டு,
திட்டு வாங்கிய பிள்ளை போலத் தலைகுனிந்து.

நள்ளிரவு. வெயில் அடிக்கிறது.
கட்டை விரலும் சுட்டு விரலும் மொட்டுக் காம்பில்.
விட்டால் பூக்கும், பூத்த கையோடு செத்தும்போகும்.
கிள்ளினால் வேர் பெருக்கும்,
வருஷக்கணக்கில் வாழும்.
கணக்கு புரிகிறது எனக்கு.
ஆனால் முளையிலேயே கிள்ளு என்பதெல்லாம்
கெட்டதைப் பற்றிச் சொன்னது அல்லவா?
மொட்டின் ஓரத்தில் ஒரு விரிசல்.
அதற்குள் நகக்கண் அளவு,
மடிப்புக் கலையாமல்,
இல்லை, அந்த நிறத்தைச் சொல்லப்போவதில்லை.

நாளைக்கு, என்றேன்.
கையை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

காலையில் மொட்டு இல்லை.
கத்தரித்ததுபோல் சுத்தமாய் ஒரு தண்டு.
ஈர மண்ணில் பிளந்த குளம்படி.
வேலிக்கு அப்பால் ஒரு துருவமான்,
அசைபோட்டுக்கொண்டு,
பாதி உதிர்ந்த குளிர்கால முடியோடு,
என்னை யாரென்று பார்த்தது.

கத்தினேன். காபிக் கோப்பையை எறிந்தேன்.
கோப்பை வேலியில் பட்டு உடைந்தது.
உள்ளாடையோடு ஓடிவந்த இங்வார்ட்
தண்டைப் பார்த்தான், மானைப் பார்த்தான்:
"கிள்ளத்தானே சொன்னாள்?"

ஹால்டிஸுக்கு எழுதினேன்: கிள்ளியாச்சு.
யார் என்று எழுதவில்லை.

ஆகஸ்டில் அடியிலிருந்து மூன்று பக்கக் குருத்து.
செப்டம்பரில் வேலியை உயர்த்தினேன்,
கொஞ்சம்தான்.
கழுத்தை நீட்டினால் எட்டுமா என்று
அளந்து பார்க்கவில்லை.