ஏழாம் அத்தியாயத்து விசில்

லாபிஸ் டவுனில் ஆ குவான் பழைய தாள் கடையில்
கிலோ கணக்கில் வாங்கிய கட்டோடு வந்தது.
அட்டை இல்லை. எழுதியவர் பெயர் இல்லை.
முதல் வரியிலேயே நிலாவில் வண்டி குடைசாய்கிறது.

மூன்று பேர். ஒருத்தனுக்குக் கால் ஒடிந்துவிட்டது.
முகாமுக்கு நாற்பது கட்டை தூரம்.
முதுகில் பதினோரு மணி நேரக் காற்று.

அன்றைக்குச் சோறு அடிப்பிடித்தது.

இரவல் வாங்கிப் போன சூசைநாதன்
திருப்பித் தரும்போது சிரித்தார்.
பால் ஸ்டோரில் பிட்டர். எதிலும் கணக்குப் பார்க்கிற ஆள்.
"பள்ளத்தில் புல் முளைக்கிறதாம்!
ஏழாம் அத்தியாயத்தில் ஒருவன் விசில் அடிக்கிறான்,
மற்றவன் திரும்பிப் பார்க்கிறான்.
காற்றே இல்லாத ஊரில் எந்தக் காதுக்கு விசில்?
மனுசன் போய் இறங்கி, கல் பொறுக்கி,
வீடு திரும்பியும் ஆச்சு.
இன்னுமா இந்தப் புளுகு?"

சரிதான். மறுக்க என்னிடம் ஒன்றுமில்லை.
அவர் பென்சிலால் போட்ட பெருக்கல் குறிகள்
பக்க ஓரங்களில் கொசு மாதிரி உட்கார்ந்திருந்தன.

ஆனாலும் பிரட்டு முடிந்து
நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு
பதினெட்டாம் நம்பர் காட்டில் இறங்கினால்
உலகம் ஒரு மரம் அகலம்தான்.
ஒரு மரம், ஒரு வெட்டு, ஒரு மங்கு.
அடுத்தது.
நானூற்று எண்பது மரத்துக்கு
எவ்வளவு மூச்சு வேண்டும் என்று
அந்த மூன்று பேரோடு சேர்ந்து எண்ணிக்கொண்டே நடப்பேன்.
மேலே அசல் நிலா இருக்கும், பாதி.
நிமிர்ந்து பார்க்க நேரமிருக்காது.

போன செவ்வாய்க்கிழமை என் விளக்கு செத்தது.
கையை நீட்டினால் கை இல்லை.
உளியைப் பிடித்தபடி நின்றேன்;
எந்தப் பக்கம் நிரை, எந்தப் பக்கம் ஓடை,
ஒன்றும் தெரியவில்லை.
பதினோரு மணி நேரம், பத்து, ஒன்பது...

அப்போது விசில்.

மூன்றாம் நிரையிலிருந்து மரகதவல்லி,
இரண்டு விரலை வாயில் வைத்து.
பொம்பளை விசில் அடிக்கக்கூடாது என்று
மண்டோர் பல தடவை ஏசியிருக்கிறார்.
திரும்பிப் பார்த்தேன்.
ஒரு சின்ன வெளிச்சம்
மரத்துக்கு மரம் மறைந்து மறைந்து வந்தது.

ராத்திரி ஏழாம் அத்தியாயத்தை மறுபடி எடுத்தேன்.
விசில் வரியில் இரண்டு குறி, தாள் கிழிகிற அழுத்தம்.
அப்படியே மேலே புரட்டிக்கொண்டு போனேன்.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்,
காற்று இன்னும் நாற்பதே நிமிடம்,
கால் ஒடிந்தவன் தன்னை விட்டுப் போகச் சொல்கிறான்.

அதற்கப்புறம் பெருக்கல் குறியே இல்லை.
பக்கத்துக்கு ஒன்றாகக்
கிரீஸ் கட்டைவிரல் ரேகை மட்டும்,
கடைசித் தாள் வரைக்கும்.