மொத்தத்தில் இடமிருக்கிறது

சிறியது, நடுத்தரம், பெரியது.
அதற்கும் கீழே, விலையைப் பார்த்ததும்
மூடிவிடத் தோன்றுகிற இன்னும் சில.
எஸ்தோனியாவின் மேற்குக் கரையில் நாலு மணிக்கே இருட்டிவிட்டது.
படகுக் கம்பெனியின் டிக்கெட் மென்பொருளைக்
கிளவுடுக்கு ஏற்ற
வெள்ளிக்கிழமை வரை தந்திருக்கிறார்கள்.

லேலோ சொன்னாள்: சிறியதில் பன்னிரண்டு.
ஒன்று விழுந்தால் ஒன்றுதான் விழும்.
மேலிஸ், கணக்குப் பிரிவு, கால்குலேட்டரோடு வந்தான்.
"பெரிதாக ஒன்று போதாதா?
நம்மிடம் கப்பலும் ஒன்றுதானே?"
"அது பழுதான வாரம் ஞாபகமிருக்கிறதா?"
இருந்தது. தீவுக் கடையில் ரொட்டி இல்லாத வாரம்.
அவன் மாமியார் தொலைபேசியில்
எங்கள் ஒவ்வொருவர் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டார்.

பன்னிரண்டு சர்வர்கள் எழுந்தன.
கண் திறந்ததும் ஒவ்வொன்றும் தன் பங்கை முதலில் எடுத்தது:
காவலுக்குக் கொஞ்சம், பதிவெழுதக் கொஞ்சம்,
இன்னும் உயிரோடிருக்கிறேன் என்று
மேலிடத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கக் கொஞ்சம்.
நாலு ஜிபி வாங்கினோம், மூன்று கைக்கு வந்தது.
பன்னிரண்டு தனிக்குடித்தனம், பன்னிரண்டு அடுப்பு.

கன்டெய்னர்கள் ஏறின.
கட்டணம் வாங்குவது ஏறியது. வண்டிகளை எண்ணுவது ஏறியது.
காற்றின் வேகம் கேட்பது, இரண்டு பிரதி,
கிடைத்த மூலைகளில் ஒண்டிக்கொண்டது.
கடைசியில் வந்தது பயணிகள் பட்டியல் போடுவது.
அது வராமல் கேப்டன் கயிற்றை அவிழ்க்க மாட்டார்.
அது நாலரை கேட்டது.

காத்திருக்கிறது, என்றது திரை.
பத்து நிமிடம் கழித்தும்
காத்திருக்கிறது.

லேலோ மிச்சங்களைக் கூட்டினாள்.
இங்கே அரை, அங்கே ஒன்றேகால், அதோ முக்கால்.
பதினொன்று தேறியது.
மொத்தத்தில் இடமிருக்கிறது.
ஓரிடத்தில் இல்லை.

ஜன்னலுக்குக் கீழே கடைசிப் படகு நிரம்பிக்கொண்டிருந்தது.
வைக்கோல் உருளைகளோடு வந்த லாரியைக்
கைகாட்டிக் கரையிலேயே நிறுத்தினார்கள்.
தளத்தில் கார்களுக்கிடையே சாண் அகலம், முழ அகலம்,
ஒருவர் பக்கவாட்டில் நடக்கும் அகலம்.
எல்லாம் சேர்த்தால் ஒரு லாரி.
சேர்க்க முடியாது.
சிறு துளி பெருவெள்ளம் என்பது
தண்ணீருக்குச் சரி.

பன்னிரண்டையும் அழித்தோம். ஒரே கட்டளை,
அவை எழுந்ததைவிட விரைவாகப் போயின.
நடுத்தரம், ஐந்து, என்று எழுதினாள்.
மேலிஸ் விரலைத் திரையில் வைத்தான்.
"நாலு போதும் என்கிறது உன் கணக்கே.
ஐந்தாவது?"
"காலியாக இருக்க."
"காலியாக இருக்க மாதம் அறுபத்திரண்டு யூரோவா?"
"ஒன்று விழும் இரவில்
அதிலிருந்தவை எங்கே போகும்?"

அவன் பதில் சொல்லாமல் வெளியே பார்த்தான்.
நானும் பார்த்தேன்.
படகு பின்வாங்கித் திரும்பியது.
தளத்தின் முகப்பில் மஞ்சள் கோடிட்ட ஒரு கட்டம்,
ஆம்புலன்ஸுக்கு மட்டும்,
யாருக்கும் நோயில்லாத அந்த இரவில்
விளக்கொளியில் ஈரமாக, காலியாக,
தீவுக்குப் போய்க்கொண்டிருந்தது.

லாரிக்காரர் இறங்கவில்லை.
அவரும் அந்தக் கட்டத்தைத்தான் பார்த்திருக்க வேண்டும்.
ஃபிளாஸ்கைத் திறந்தார்.
பிறகு முகப்பு விளக்கை அணைத்தார்.

மேலிஸ் ஐந்தை அப்படியே விட்டான்.
ஏன் என்று படிவத்தில் ஒரு வரி கேட்டிருந்தது.
வெகுநேரம் எதையோ அடித்து, அழித்து,
கடைசியில் ஒரு புள்ளி வைத்து அனுப்பினான்.