நாற்பது வீதம்

பீல் நகரில், தண்டவாளத்துக்குப் பின்னால்,
முன்பு மணிக்கூடு செய்த கட்டடம்.
இப்போது உள்ளே வருவதெல்லாம் செத்த சாமான்:
பிரிண்டர், ரவுட்டர்,
யாரோ கோபத்தில் எறிந்த தொலைபேசி.
எட்டுப் பேர் இருந்து கழற்றுகிறோம்.
செம்பு ஒரு பெட்டிக்கு, அலுமினியம் ஒரு பெட்டிக்கு.
பிளாஸ்டிக்கை ஒருவருக்கும் பிடிக்காது.

வைத்தியர் எழுதித் தந்திருக்கிறார்:
இவர் நாற்பது வீதம் வேலை செய்யக்கூடியவர்.
பத்தொன்பது வருடம் ஹோட்டல் குசினியில்
பானை தூக்கிய முதுகு
மிச்சம் விட்ட கணக்கு.
பஸ்ஸில் வரும்போது யோசிப்பேன்,
என்னில் எந்த நாற்பது?
வலது கையா, கண்ணா,
நாலரைக்கே எழும்பிவிடுகிற பழக்கமா?
மற்ற அறுபதை வீட்டில் விட்டுவரப் பார்த்தேன்.
கூடவே ஏறுகிறது, டிக்கெட் இல்லாமல்.

முதல் நாள் எனக்குக் கதிரை உயரம்.
ஊர்ஸ் ஒன்றும் பேசாமல் குனிந்து
அடியில் எதையோ இழுத்தான். பதிந்தது.
சரியா என்று ஜெர்மனில் கேட்டான்,
பிறகு பிரெஞ்சில்.
நான் தமிழில் "ஓம்" என்றேன்.
ஆறு வருடம் மறியலில் இருந்தவனாம்.
எதற்கு என்று இங்கே கேட்பதில்லை.
கேட்க வாய் உன்னியதுண்டு, பொய் சொல்லமாட்டேன்.
தேநீருக்கு இரண்டாம் கரண்டி சீனி போட
இன்னும் அனுமதி கேட்பான்,
அதுவும் என்னிடம்.

வேலை இல்லாதவளுக்கு வீடு தரமாட்டார்கள்,
வீடு இல்லாதவளுக்கு வேலை தரமாட்டார்கள்,
இதை எரித்திரியாக்காரி ஸெகா
ஒரு பகிடி போலச் சொல்லுவாள்.
சொல்லிக்கொண்டே மூன்று திருகாணி கழற்றிவிடுவாள்.

செம்பு விலை இறங்கினால்
மேற்பார்வை செய்யும் ஏஷ்லிமன் அம்மாவின் முகமும் இறங்கும்.
நகரசபை பாதி, பழைய வயர் பாதி,
அதில்தான் எங்கள் சம்பளம்.

ஐப்பசிக் குளிரில் ஒரு செய்தி வந்தது.
காதுக்கருவி செய்யும் கம்பனிக்கு ஒரு ஆள் வேண்டும்.
எல்லோருக்கும் விண்ணப்பம் எழுதினாள் ஏஷ்லிமன்.
என்னுடைய முறை.
"இங்கே மூன்று வருடம் வெறுமையாக இருக்கிறதே,
என்ன செய்தீர்கள்?"
விசாவுக்குக் காத்திருந்தேன்.
வேலை செய்யவிடவில்லை. மலைமேல் ஒரு முகாம்.
அவள் கொஞ்சம் யோசித்தாள்.
திறமைகள் என்ற இடத்தில் தட்டினாள்: பொறுமை.

எடுத்துவிடுங்கள், என்றேன்.
அது என் பொறுமை இல்லை,
அவர்களுடைய தாமதம்.

அவளுக்குக் காது சிவந்துபோனது.
ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள்.
மூன்று வருடத்தையும் வெறுமையாகவே அனுப்பினோம்.

எடுத்தது ஊர்ஸை.
எனக்குப் பொறாமை இருந்தது, இரண்டு நாள்,
ஒருவேளை மூன்று.
வெள்ளிக்கிழமை தேநீர் நேரம் வந்தான்,
கதவடியில் நின்றான், கூப்பிடும்வரை.
அங்கே கழிப்பறைக்குப் போக
கையைத் தூக்கி அனுமதி கேட்டானாம்.
முழு ஹோலும் சிரித்ததாம்.
இனிப் போகமாட்டேன் என்றான்.
ஸெகா அவன் கோப்பையில் சீனியைக் கொட்டினாள்,
எத்தனை கரண்டி என்று பார்க்காமல்.
திங்கள் அவன் திரும்பி வரவில்லை.
அதுதான் நல்ல செய்தி என்று
எங்களுக்கு விளங்கப் பத்து மணி ஆனது.

அவனுடைய இடத்தில் ஒரு புதுப் பெண்.
கையுறையைக் கழற்றாமல்,
கதிரையின் விளிம்பில், கால் எட்டாமல்
தொங்கிக்கொண்டிருந்தாள்.
பெயர் கேட்டேன். சொன்னாள், பிடிபடவில்லை.

குனியக் கூடாது என்று எழுதியிருக்கிறது,
முத்திரையும் குத்தி.

குனிந்தேன்.
அடியில் கைபோட்டு அந்தக் கம்பியைத் தேடினேன்.
எண்ணெய்ப் பிசுக்கு, தூசி,
யாரோ ஒட்டிவைத்த சுவிங்கம்.
"கொஞ்சம் பொறு" என்றேன், தமிழில்.
முதுகு சுள்ளென்றது.
கதிரை பதிந்தது.