அறுபத்து மூன்றாவது மேசை

ஒரே லாரியில் வந்தவை நூற்றிருபதும்.
ஒரே தெர்மோகோல், ஒரே வயர்க் கட்டு.
முதல் கணினியைப் பார்த்துப் பார்த்து அமைத்து
அதன் நகலை மற்ற எல்லாவற்றிலும் இறக்கிய இரவு
தட்டுவடை செட்டைக் கடித்தபடி தினகரி சொன்னாள்:
"இனி ஒருத்திக்குத் தலை வாரினால் போதும்,
எல்லாருக்கும் பின்னல் விழுந்துவிடும்."

ஐந்து வருடம் ஆகிறது.
பதினேழில் எண்டர் தட்டினால் இரண்டு முறை விழும்.
நாற்பத்து நான்கின் விசிறி
லீ பஜார் மாவு மில்லாய் இரைகிறது.
எழுபத்தெட்டுக்குப் பின்னால் ஒரு பல்லி குடித்தனம்.
சர்வரின் பட்டியலில் மட்டும்
இன்னமும் அவை அச்சு அசல்:
பெயர் ஒன்று, வால் எண் வேறு.

நாளை காலை ஒன்பதுக்கு ஆன்லைன் தேர்வு.
புதிய பதிப்பு ஏறாத கணினியில்
வினாத்தாள் திறக்காது என்று
மாலை நாலரைக்கு ஒரு மின்னஞ்சல்.
நாலரைக்கு அனுப்புகிறவர்களுக்கு
ஓமலூர் ரோட்டில் ஆறு மணிக்குக் கரண்ட் போவது
எங்கே தெரியப்போகிறது.

முதலில் ஐந்துக்கு மட்டும் அனுப்பினேன்.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.
ஐந்தும் அணைந்து, யோசித்து, எழுந்தன.
பிறகு மொத்தத்துக்கும்.
விளக்கணைத்த அறையில் நூற்றுப்பதினைந்து நீலத் திரைகள்
முப்பது சதவீதத்தில் மூச்சைப் பிடித்து நின்றன.
சர்வர் மேல் யாரையும் குங்குமம் வைக்க விட்டதில்லை நான்.
ஆனால் அந்த முப்பதில் நிற்கும்போது
கோட்டை மாரியைக் கூப்பிடாமல் இருந்ததும் இல்லை.

நூற்றுப்பத்தொன்பது முடிந்தன.
அறுபத்து மூன்று: தோல்வி.
மறுபடி தோல்வி.
கேபிளை மாற்றினேன், தோல்வி.
பதினொன்று ஐந்துக்குத்தான்
அதன் திரை மூலையில் கடிகாரத்தைப் பார்த்தேன்:
2019 ஜனவரி ஒன்று, அதிகாலை நாலே முக்கால்.

உள்ளே காசளவு பேட்டரி செத்திருக்கிறது.
கரண்ட் திரும்பிய ஆறு இருபதிலிருந்து
தன் முதல் நாளை மறுபடி எண்ணிக்கொண்டிருக்கிறது.
அந்தத் தேதிப்படி
இந்தப் பதிப்பை இன்னும் யாரும் எழுதவில்லை.
எழுதாத கடிதத்தின் அடியில் கையெழுத்து இருந்தால்
யார்தான் வாங்குவார்கள்?
அந்தத் தேதிப்படி
நான் தாரமங்கலத்தில் ரீசார்ஜ் கடையில் நிற்கிறேன்.
தினகரி பெங்களூருக்குப் பெட்டி கட்டவில்லை.
முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிப் பேச
எவருக்கும் பழகவில்லை.
கொஞ்ச நேரம் அதைத் திருத்தாமல்
பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேதியைக் கையால் மாற்றிவிடலாம்.
காலையில் ஒருமுறை கரண்ட் போனால்
திரும்ப மார்கழிக்கு ஓடிவிடும்.
அந்த வரிசைக்கு யூபிஎஸ் கேட்டு
மூன்று கடிதம் எழுதியாயிற்று.
இந்நேரம் ஐந்து ரோடு வரை போனாலும்
திறந்திருப்பது பரோட்டாக் கடைதான்.

வாசலில் நின்ற வாட்ச்மேன் மாதேஸ்வரன்
சட்டைப் பையிலிருந்து உள்ளங்கைத் தராசை எடுத்தார்.
பகலில் சிவதாபுரத்தில் கொலுசுக்குக் கொக்கி மாட்டுகிறவர்.
"இதுக்குள்ளயும் காசாட்டம் ஒண்ணு இருக்குதுங்க,
சேருமான்னு பாருங்க மேடம்."
நகத்தால் நெம்பினோம்.
அதே எண்.

பன்னிரண்டு பத்துக்கு அறுபத்து மூன்று
ஐந்து வருடத்தை ஒரே எட்டில் தாண்டி
முப்பதில் நின்று
நூறுக்கு வந்தது.

ஜன்னலுக்கு வெளியே ஏற்காடு மலையில்
ஒற்றை வண்டியின் வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது,
ஒவ்வொரு வளைவிலும் காணாமல் போய்.

காலையில் அந்த மேசைக்கு
வாழப்பாடியிலிருந்து ஒரு பெண் வருவாள்.
ஸ்பேஸ் பார் ஒட்டுகிறது என்று எரிச்சல்படுவாள்,
வேறொன்றும் தெரியாது அவளுக்கு.

பதிவேட்டில் எழுதினேன்: 120க்கு 120.
அடியில், சின்ன எழுத்தில்:
மாதேஸ்வரனுக்கு ஒரு பேட்டரி.
அதுவரை அவர் வெள்ளியைக்
கையால்தான் எடை போடவேண்டும்.