எடை

தீயணைப்புக்காரரின் ஒயர்லெஸ்ஸில்
தாம்பரத்திலிருந்து வந்த முதல் கேள்வி:
எடை எவ்வளவு.
பெயர் கேட்கவில்லை. எங்கே அடி என்பதுகூட அப்புறம்தான்.
இரண்டு பேருக்கு இடம். மழை மறுபடி பிடிப்பதற்குள்
ஒரே ஒரு தடவை.

முடிச்சூர், பள்ளிக்கூட மொட்டைமாடி.
கீழே ஒன்றாம் வகுப்பில் கரும்பலகை வரைக்கும் தண்ணீர்.
விடியற்காலையில் காம்பவுண்டுச் சுவர் சாய்ந்த வரிசை வீடுகளிலிருந்து
படகில், கதவுப் பலகையில், ஒருவனைத் தெர்மாகோலில் கிடத்தி
ஏழு பேரைக் கொண்டுவந்திருந்தார்கள்.
கையில் கட்டும் அட்டைகள் எங்கள் ஆம்புலன்ஸோடு முழுகிவிட்டன.
டிரைவர் முனிரத்தினம் விளையாட்டு அறைப் பூட்டை உடைத்து
ரிப்பன் சுருள்களை எடுத்துவந்தார்:
சிவப்பு அணி, மஞ்சள் அணி, பச்சை அணி, நீல அணி.
கறுப்பு அணி எந்தப் பள்ளியிலும் கிடையாது.

லோகு கத்திக்கொண்டே இருந்தார்.
முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே நின்றது.
பார்க்க அதுதான் கோரம்.
ஆனால் பாதத்தில் நாடி ஓடியது,
கத்துவதற்கு மூச்சு இருந்தது.
மஞ்சள். படகுக்குக் காத்திருக்கலாம்.
அவர் மைத்துனர் என் முகத்துக்கு நேரே போனை நீட்டினார்:
"வட்டச் செயலாளர் லைன்ல இருக்காரு, பேசு."
கையெல்லாம் ரத்தம் என்றேன்.
பொய்யில்லை.

தேசம்மாள் சத்தமே போடவில்லை.
கடைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது சுவர்.
"எனக்கு ஒண்ணுமில்லம்மா, குளுருது, அவ்ளோதான்."
வெளியே ஒரு சொட்டு ரத்தமில்லை.
இடுப்பில் கை வைத்ததும் புரிந்தது
எல்லாம் உள்ளே எங்கே போகிறது என்று.
விரலுக்குத் தப்பித் தப்பி நாடி, நூற்று நாற்பது.
புடவையை மடித்து இடுப்பை இறுக்கிக் கட்டினேன்.
சிவப்பு.

ஒடிசாப் பையனுக்குப் பெயர் சொல்ல ஆளில்லை.
சட்டைப்பையில் ஒரு சீப்பு.
டார்ச் அடித்தால் ஒரு கண்மணி சுருங்கியது,
மற்றது தாழ்ப்பாள் இல்லாத கதவு மாதிரி
திறந்தே கிடந்தது.
சிவப்பு.

ரூபனும் சிவப்பு.
விலா உடைந்து நெஞ்சுக்கூட்டில் காற்று சேர்கிறது.
மேலே போகப் போக அந்தக் காற்று விரியும்.
ஊசி ஒன்றுதான் இருந்தது, குத்தினேன்.
உஸ்ஸென்று சீறியது.
"இன்னாக்கா, பஞ்சரா?" என்று சிரித்தான்.

சிரிக்காமல் இருந்திருக்கலாம்.
நெஞ்சுக்குக் குழாய் போட தாம்பரத்திலேயே ஆளிருக்கிறது,
படகும் அதுவரை போகும்.
மண்டையைத் திறக்கவும் இடுப்புக்குள் ரத்தத்தை நிறுத்தவும்
சென்ட்ரல் எதிரே பெரியாஸ்பத்திரிதான்.
இது சரியான கணக்கு.
இன்றைக்குக் கேட்டாலும் இதையேதான் போடுவேன்.

பச்சை இருவர். தாங்களே படியேறி வந்தவர்கள்.
தூக்குவதற்கு அவர்கள்தான் கைகொடுத்தார்கள்.

வாட்ச்மேன் பிச்சாண்டிக்கு
இன்னும் மூச்சிருந்தது, தலை இருந்தவிதமாக இல்லை.
அவர் கையில் நான் எதுவும் கட்டவில்லை.
அவர் மனைவி ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.
"இவருக்கு மட்டும் ஏன் கட்டல?"
நான் வேறெங்கோ திரும்பிக்கொண்டேன்.
அவரே சுருளிலிருந்து நீலத்தை அறுத்துக் கட்டினார்,
பள்ளிக்கு அனுப்பும் பிள்ளைக்குக் கட்டுவதுபோல்
இரட்டைப் பூ முடிச்சு.

எடை எவ்வளவு?
ஐம்பத்தைந்து, அறுபது என்றேன்.
ரேஷன் மூட்டை தூக்கிய கையின் கணக்கு.
காற்றாடிக் காற்றில் பக்கெட்டுகள் பறந்தன,
தேசம்மாளின் முந்தானை பறந்தது, யாரோ உட்கார்ந்து பிடித்தார்கள்.
கதவு மூடுமுன் அவர் என்னிடம் ஏதோ சொன்னார்.
வாயசைந்தது மட்டும் தெரியும்.

பிறகு ஒரு படிவம் வந்தது.
"தேர்ந்தெடுத்ததற்குக் காரணம்": மூன்று விரற்கடை இடம்.
நாடி, கண்மணி, இடுப்பு என்று எழுதினேன்.
இடம் மிச்சமிருந்தது.

படகு முக்கால் மணி நேரம் கழித்து வந்தது.
லோகு கத்திக் களைத்துத் தூங்கியிருந்தார்.
ரூபனை ஓரமாகச் சாய்த்து உட்காரவைத்தோம்.
இப்போது அவன் பேசவில்லை.
ராயப்பா நகர் முனையில் திரும்பும் வரைக்கும்
சிவப்பு ரிப்பன் கட்டிய கை தெரிந்தது.
அவன் ஆட்டினானா,
படகு ஆட்டியதா.