பஞ்சுத்தூள்

ராகலைக் கீழ்க் கடைவீதியில் என் கடை.
பலகையில் எழுதியிருப்பது:
பற்றரி சார்ஜ், பழுது, பழையது வாங்கப்படும்.
எழுதாதது:
கழுவின தண்ணீர் பின்கதவால் போகும்,
கானில் விழும்,
மூன்றாம் லயத்துப் பீலிக்கு மேலே
ஓடையோடு சேரும்.

பதினேழு வருஷம்.
ஈயத்துக்கு வாசம் இல்லை.
ஓடை வெள்ளையாய்த்தான் ஓடியது.

கேம்பஸ் லீவில் வந்திருந்த பிரிசில்லா
மேசையில் ஒரு போத்தலை வைத்தாள்.
'லயத்துப் பீலித் தண்ணி. குடிங்கண்ணே.'
நான் குடிக்கவில்லை.
அந்த ஒரு நிமிஷம்தான்
நான் கொடுத்த வாக்குமூலம்.

காசு கேட்பாள் என்று நினைத்தேன்,
ட்ரம் கேட்டாள்.
பிறகு பஞ்சுத்தூள்:
ஸ்டோரில் சல்லடைக்குக் கீழே சேர்வது,
கொழும்பு ஏலத்துக்குப் போகாதது,
எங்கள் கோப்பைக்குக்கூட வராதது.
அந்தக் குப்பை வெளியே வரவும் சீட்டு வேண்டுமாம்.
சீட்டுக்குப் பதினொரு நாள் நடந்தேன்.

கொதிக்க வைத்து வடித்தோம்.
முதல் தண்ணீர் கடைச் சாயம்.
ஐந்தாவது,
சம்பளத்துக்கு முந்தின வாரத்துச் சாயம்.
ஒன்பதாவதில் நிறமே இல்லை.
'இப்பத்தான் இது வேலைக்கு ஆகும்' என்றாள்.
வெயில் எங்கே இருக்கிறது இந்த ஊரில்?
ஜவுபர் நானாவின் போறணையில்,
பாண் இறக்கின சூட்டில் காயவைத்தோம்.
மறுநாள் பாணில் தேயிலை வாசம் என்று
ரெண்டு பேர் திருப்பிக் கொடுத்தார்களாம்.

முதல் தடவை தோற்றது.
அமிலத்தை அப்படியே ஊற்றிவிட்டோம்.
'காலை நுவரெலியா பஸ் மாதிரி' என்றாள்.
தூளின் இருக்கையெல்லாம்
ஹைட்ரஜன் ஏறி உட்கார்ந்துகொண்டது,
ஈயத்துக்குத் தொங்கவும் இடமில்லை.
தேயிலை மலைக்குப் போடுகிற டொலமைட்
அரைச் சாக்கு வாங்கிக் கலந்து
புளிப்பை இறக்கினோம்.
சிவந்திருந்த தாள் மெல்ல மங்கியது.
சேறு அடியில் தங்கியதும்
தெளிந்ததைத் தூளின் மேல் ஊற்றினோம்.

பேராதனையிலிருந்து கணக்கு வந்தது:
நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு போயிற்று.
'மிச்சம் ஆறு?'
'மிச்சம் ஆறு இருக்கு.'
இரண்டாவது ட்ரம் வைத்தேன்.

பின்கதவுக்கு ஆணி அடித்தேன்.
ஆணி அடித்த அன்று
பெரிய மனுஷனைப் போல நடந்தேன் வீதியில்.

பங்குனியில் தூள் நிரம்பிவிட்டது,
இனிப் பிடிக்காது.
கறுத்து ஊறிக் கிடந்ததைக் கூடையில் அள்ளி
லீக்ஸ் பாத்திக்குப் போடப் போனேன்,
நல்ல உரமாச்சே என்று.
பாத்தி ஓரத்தில் கூடையைப் பிடுங்கினாள் பிரிசில்லா.
'ஈயம் சாகலண்ணே.
இடம் மாறி உட்கார்ந்திருக்கு.'

இப்போது ஏழு மூட்டை
என் கட்டிலுக்கு அடுத்த சுவரோரம்,
பொலித்தீன் சுற்றி, சிவப்பு மை அடையாளத்தோடு.
பழைய பற்றரி ஏற்ற வரும் லொறிக்காரன்
முகர்ந்து பார்த்துச் சிரித்தான்:
'தேத்தூளை யார் உருக்குவான்?'
அடுத்த தடவை கேட்டுச் சொல்கிறானாம்.
அடுத்த தடவையும் அதையேதான் சொன்னான்.

ஓடை அப்படியே ஓடுகிறது.
பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது,
முன்னேயும் தெரியவில்லை.

ஒரு ராத்திரி கேட்டேன் அவளிடம்:
பதினேழு வருஷத்துக்கு
எத்தனை மூட்டைத் தூள் வேண்டும்?
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்,
துடைத்ததையே துடைத்தாள்.
'தண்ணிக்குத்தான் கணக்குப் பார்த்தேன்.'

செவ்வாய்க்கிழமை
மூன்றாம் லயத்துப் பிள்ளைகளுக்கு
இரத்தம் எடுக்க நர்ஸ் வருகிறாள்.
என் கடை வாசல் வழியாகத்தான்
வரிசையாய்க் கூட்டிப் போவார்கள்.

அன்றைக்குக் கடையைத் திறப்பதா, பூட்டுவதா,
இன்னும் தெரியவில்லை.